ஆறாம் பாடத்தில் மழை

பாட்காஸ்ட் என்றதும் முதல்வர் அறையில்
"ஸ்டூடியோவுக்கு நிதி இல்லையே" என்றார்கள்.
நான் கேட்டது அனுமதி மட்டும்.
மணிக்கணக்கில் ஊதியம் வாங்கும்
கௌரவ விரிவுரையாளருக்கு
இந்த மணிகள் கணக்கில் வராது.
சரி, வரவேண்டாம்.

ஃபிங்கர்போஸ்டில் வாடகை அறை. தகரக் கூரை.
மழை மூச்சு வாங்கும் இடைவெளியில்தான்
புவியியல் சொல்ல முடியும்.
இரண்டு கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்து
போனை ஊறுகாய் ஜாடியில் சாய்த்து
"வணக்கம், இயற்கைப் புவியியல், பாடம் ஒன்று."
என் மூச்சுச் சூடு என் முகத்திலேயே திரும்பி அடிக்கும்.
வீட்டுக்காரம்மாவின் குக்கர் விசிலடித்தால்
சரிவுகளின் வகைகள் மறுபடி முதலிலிருந்து.

வகுப்பில் யார் தூங்குகிறார்கள் என்று தெரியும்.
கடைசி பெஞ்சில் ஹரீஷ் போஜன்
ஜன்னல் பக்கம் திரும்பினால்
உதாரணத்தை மாற்றிவிடுவேன்.
கம்பளிக்குள் முகங்கள் இல்லை.
இருட்டைப் பார்த்துப் "புரிகிறதா?" என்று கேட்டுவிட்டுப்
பழக்கதோஷத்தில் இரண்டு நொடி காத்திருப்பேன்.
அதை வெட்டவில்லை.
பிறகு தெரிந்தது:
அந்த இரண்டு நொடியில்
"இல்லை மேம்" என்கிறார்களாம்,
பஸ்ஸில், கூட்டமாக, சத்தமாக.

கல்லூரி வைஃபையில் இறக்கிக்கொண்டு போகிறார்கள்.
மலை திரும்பினால் டவர் போய்விடும்.
ஒருத்தி ஒன்றரை வேகத்தில் கேட்கிறாள்;
என் தயக்கமெல்லாம் அவளுக்கு எலிக்கீச்சு.
செயலி எனக்கொரு கோடு வரைந்து காட்டுகிறது:
அறுபத்தொரு பேரில் தொடங்கி
பதினோராம் நிமிடத்தில் செங்குத்தாய் விழுந்து
நான்கு பேராய்ச் சமவெளி சேரும் கோடு.
எத்தனை முறை போர்டில் வரைந்திருக்கிறேன்
இதே குறுக்குவெட்டை,
மலை என்று நினைத்து.

அந்த நால்வரில் ஒருத்தி ஜெசிந்தா.
கோத்தகிரிப் பக்கம், தேயிலைத் தொழிற்சாலை,
மாலை ஷிப்டு.
இலையை உதறிப் பரப்பிக்கொண்டே
ஒரு காதில் நான்,
மறு காது மேஸ்திரிக்காகக் காலி.

ஆறாம் பாடம் போட்ட மூன்றாம் நாள்
அவளுடைய குரல்பதிவு, பத்தொன்பது நொடி.
பின்னால் உருளைகள் அரைக்கின்றன.
"மேம், நீலகிரி முழுக்க
தென்மேற்குலதான் கொட்டும்னு சொல்லிட்டீங்க.
எங்களுக்கு ஐப்பசி கார்த்திகைதான் மேம்.
ஆடியில நாங்க துணி காயப்போடுவோம்.
தொட்டபெட்டா மறைச்சிருதுல்ல.
மத்தபடி நல்லா இருந்துச்சு மேம்."

நான் அருப்புக்கோட்டைக்காரி.
மழையைப் பாதிக்குமேல் பாடப்புத்தகத்தில் பார்த்தவள்.
மழைமறைவுப் பகுதி என்று
நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.
அதற்குள் ஒரு மறைக்கும் மலை
எழுந்து நிற்பதை
அவள் வாயில்தான் கேட்டேன்.

போர்டு என்றால் டஸ்டர் போதும்.

அன்றிரவே கம்பளி. மழை விடக் காத்திருக்கவில்லை.
புதிய ஆறாம் பாடத்தில் முதலில் அவள்,
உருளைச் சத்தத்தோடு.
(கேட்டுவிட்டுத்தான் சேர்த்தேன்.
"அந்த மேம்ல கொஞ்சம் கம்மி பண்ணிரவா மேம்?" என்றாள்.
வேண்டாம் என்றேன்.)
பிறகு நான், எங்கே தவறினேன் என்று.
கூரையில் அடித்த மழை
என் வாக்கியங்கள் சிலவற்றைத் தின்றுவிட்டது.
கோடு இந்த முறையும் விழுந்தது,
அதே பதினோராம் நிமிடத்தில்.

பழையதை நீக்கிவிட்டேன்.
ஆனாலும் இறக்கியவர்கள் போனில் அது இருக்கும்.
கட்டபெட்டு தாண்டி, டவர் எட்டாத
ஏதோ ஒரு லைன் வீட்டில்
பரீட்சைக்கு முன்னால் யாரோ அதைத் திறக்கக்கூடும்.
வெளியே கொடியில் துணி காய்ந்துகொண்டிருக்க
காதுக்குள் என் குரல்
கொஞ்சமும் சந்தேகமில்லாமல் தென்மேற்காய்ப் பெய்யும்.
பெய்துவிட்டு
"புரிகிறதா?" என்று கேட்டு
இரண்டு நொடி நிற்கும்.